மண்டபத்துக்குக் கீழே ஒரு வாய்க்கால்

எங்கள் தொழிலில் எல்லாரும் எல்லா உண்மையையும் சொல்லிவிடுவார்கள், மைக்கை மூடிய பிறகு.

புலனாய்வு ஒலி ஆவணம் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறேன். பெயர்தான் பெரிது. தஞ்சாவூரில் ஒரு மாடி போர்ஷன், ஒரு கம்ப்யூட்டர், கைக்கு அடக்கமாக ஒரு ரெக்கார்டர், அவ்வளவுதான் சாம்ராஜ்யம். யாரோ மூடி வைத்த கதையைத் தோண்டி எடுத்து, படம் இல்லாமல் காதுக்கு மட்டும் சொல்வது என் வேலை. வீட்டுக்காரம்மா இன்றுவரை நான் போனில் "லோன் வேணுமா சார்" என்று கேட்கிற வேலை பார்ப்பதாக நம்புகிறார். திருத்தப் பார்த்தேன். "அதுவும் பேச்சுத் தொழில்தானேம்மா" என்றார். விட்டுவிட்டேன்.

கையில் ஒரு மனுவோடு ஜன்னல் ஜன்னலாக நின்றவர்களே, "சார் சாப்பிடப் போயிருக்கார்" என்ற பதிலைக் காலை பத்தரை மணிக்கே கேட்டவர்களே, நீங்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இந்த ஒரு வாய்க்காலின் கதையைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன். இதில் எனக்கே ஒரு அவமானமும் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

காணாமல் போனது

ஆவணி மாதம் ஒரு காலை போன் வந்தது. "நீங்கதான் காதுல கேக்கற படம் எடுக்கறவங்களா?" என்று ஒரு பெண் குரல். என் தொழிலை இதைவிட அழகாக யாரும் சொன்னதில்லை, ஆமாம் என்றேன். பெயர் மலர்க்கொடி. திருவாரூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு கிராமம். அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்ட அதே வயலில் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், இப்போது மலர்க்கொடி பெயரில் இருக்கிறது. வீட்டுக்காரர் திருப்பூரில் தையல் வேலை. விவசாயம் முழுக்க இவர் பொறுப்பு.

அந்த மூன்று மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் இப்போது இல்லை. அது போன பாதையில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. பக்கத்து வயல்காரர் தன் பம்புசெட்டிலிருந்து நாற்றங்காலுக்கு மட்டும் தண்ணீர் விடுகிறார், அதற்கு மேல் அவருக்கே பற்றாது. ஒரு மாதத்துக்குள் வயலுக்குத் தண்ணீர் வந்து நடவு ஆகாவிட்டால் நாற்று முற்றிப்போகும், இந்த வருஷமும் தரிசுதான். "வாய்க்காலே கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. ஆனா அது மண்டபத்துக்குக் கீழதான் ஓடுது, நான் காதால கேட்டிருக்கேன்" என்றார். நான் குறித்துக்கொள்ளப் பேனா தேடினேன். அந்த இடைவெளியை அவர் தப்பாக எடுத்துக்கொண்டார்.

"வாய்க்காலைக் காணோம்னு சொன்னதும் போலீஸ்காரர் சிரிச்சாரு, வி.ஏ.ஓ. சிரிச்சாரு. நீங்களும் சிரிக்கறதா இருந்தா சொல்லிடுங்க, போனை வெச்சுட்டு நான் நாத்தங்காலுக்குப் போறேன்."

செத்தது யார்?

எங்கள் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. பேட்டி முடிந்ததும் ஒரு நிமிஷம் யாரும் பேசாமல், அசையாமல், அந்த இடத்தின் மௌனத்தை மட்டும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஒரு மௌனம் உண்டு. கடிகாரம், ஃபேன், தூரத்து லாரி எல்லாம் சேர்ந்தது அது. எடிட்டிங்கில் பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அதை வைத்துப் பூசுவோம். பேச்சுக்குப் பின்னால் இரைச்சல் இருந்தால், அந்த ஒரு நிமிஷத்தைக் கம்ப்யூட்டருக்கு மாதிரியாகக் காட்டி, "இதுதான் இரைச்சல், இதை நீக்கு" என்போம். அது துடைத்து எடுத்துவிடும். இந்த இரண்டாவது உபயோகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தேன்.

மலர்க்கொடி வீட்டில் பேட்டி முடிந்து, "இப்ப ஒரு நிமிஷம் மௌனமா இருக்கணும்" என்றேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த அக்கம்பக்கம் அத்தனை பேரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். தோள் துண்டுகள் கைக்கு வந்தன. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். நம் ஊரில் ஒரு நிமிஷ மௌனம் என்றால் யாரோ போய்விட்டார் என்றுதானே அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்து, அடக்கியதில் இருமல் வந்து, இரண்டு முறை பதிவு கெட்டது. மூன்றாம் முறை முடிந்ததும் மலர்க்கொடியின் மச்சினர் மெதுவாகக் கேட்டார், யாருக்காக நின்றோம் என்று. யாருக்காகவும் இல்லை, மெஷினுக்காக என்று விளக்கினேன். அவருக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை.

"நின்னது நின்னாச்சு. செத்தது எங்க வாய்க்கால்னு வெச்சுக்கங்க, எங்களுக்கும் ஒரு திருப்தியா இருக்கும்."

கம்ப்யூட்டர் சாட்சி

தாலுகா ஆபீஸ் கிளார்க்கைக் குறை சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், மைக்கைப் பார்த்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்தார். காதுக்குக் காலர் தெரியாது என்று நான் சொல்லவில்லை. சர்வே நம்பரைத் தட்டினார். தரிசு என்று வந்தது. வாய்க்கால் புறம்போக்கு என்று எங்கும் இல்லை. பழைய பதிவேடு கேட்டேன். அந்த ஊரின் பழைய பதிவேட்டில் அந்தப் பக்கம் மட்டும் மழையில் நனைந்துவிட்டதாம். முன்பக்கமும் பின்பக்கமும் காய்ந்திருக்க, நடுப்பக்கத்தில் மட்டும் பெய்கிற மழை டெல்டாவிலேயே தாலுகா ஆபீஸுக்குள்தான் உண்டு.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும், அதைப் பணிவு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. "சார், ஒரு ஊரே அந்த வாய்க்காலில் குளிச்சிருக்கு, நீந்தியிருக்கு. அத்தனை பேரும் பொய்யா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவர் நிஜமாகவே வருத்தத்தோடு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"மேடம், இதுல இல்லைன்னா அது பூமியிலயே இல்லைன்னுதான் அர்த்தம். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மூடினால் பேசுவார்

கோவிந்தராசு ஓய்வுபெற்ற தலையாரி. அந்த ஊரில் எந்த வரப்பு எந்த வருஷம் அரை அடி நகர்ந்தது என்பதுவரை தெரிந்த மனிதர். மூன்று முறை போனேன். மைக் திறந்திருக்கும் வரை மூட்டுவலி, மாத்திரை, பேருந்து நேரம் என்று பேசினார். மூடியதும் குனிந்து, மண்டபம் கட்டும்போது தரைக்கு அடியில் குழாய் பதித்ததையும், வாய்க்கால் தண்ணீர் முழுவதும் அதன் வழியே பின்னால் இருக்கிற மண்டப முதலாளியின் தென்னந்தோப்புக்குத் திரும்பியதையும் சொன்னார்.

ரெக்கார்டர் என் பைக்குள்தான் இருந்தது. விரலால் தட்டினால் ஓடும். தட்டவில்லை. நல்லவள் என்று காட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. ஒருவர் வேண்டாம் என்ற பிறகு திருடி எடுத்த குரலை வைத்துக்கொண்டு, நிலத்தைத் திருடியவரை எப்படிக் கேள்வி கேட்பது? "மைக்கில் ஒரே ஒரு வரி சொல்லுங்க ஐயா" என்று கெஞ்சினேன். சுற்று வட்டாரத்தில் அது ஒன்றுதான் மண்டபம். அந்த ஊரில் பெண் வைத்திருக்கும் யாரும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அவர் பதிலில்தான் எனக்குப் புரிந்தது.

"கடைசிப் பொண்ணு கல்யாணம் அங்கதான்மா, தை மாசம். தை முடியட்டும், நீங்க மைக் வெச்சா மைக், மேடை போட்டா மேடை, எதுல வேணாலும் சொல்றேன்."

அரிசி மூட்டை ஸ்டூடியோ

நாற்று தை வரைக்கும் காத்திருக்குமா? மண்டப மேனேஜரைப் பேட்டி காணப் போனேன். முகூர்த்தம் இல்லாத நாள். காலியான மண்டபத்தில் தும்மினால் மூன்று தும்மல் கேட்கிறது, பேட்டிக்கு ஆகாது. எதிரொலி இல்லாத இடம் தேடி, சமையல்கட்டுக்குப் பின்னால் ஸ்டோர் ரூமைக் கண்டுபிடித்தேன். நான்கு பக்கமும் அரிசி மூட்டை. லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டும் ஸ்டூடியோவில்கூடக் குரல் அவ்வளவு சுத்தமாக விழாது. ஹெட்ஃபோனில் மட்டும் அடியில் மெல்லிசாக ஒரு "சர்ர்" கேட்டது. என்ன சத்தம் என்றேன். "ஃப்ரீசருங்க" என்றார் கண் இமைக்காமல். சரி என்றேன்.

மேனேஜர் இனிக்க இனிக்கப் பேசினார். வாய்க்காலா, இந்த இடத்திலா, நல்ல தமாஷ் என்றார். "உங்க வீட்டு நல்லது கெட்டதுக்கும் மண்டபம் தேவைப்படும்ல மேடம்" என்று போகிற போக்கில் ஒன்றைப் போட்டார். எனக்குக் கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம் ஆயிற்று என்றேன். பிறகு சடங்குப்படி ஒரு நிமிஷ மௌனம் கேட்டேன். மனிதர் அரை நிமிஷத்துக்குள் நெளிந்தார், வாட்ச்சைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது, ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கறதுக்கா மேடம்?"

சுத்தம் செய்தேன்

இதுதான் அந்த அவமானம். வீட்டுக்கு வந்து மேனேஜர் பேட்டியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அடியில் அந்தச் "சர்ர்" ஓடிக்கொண்டே இருந்தது. தொழில்காரிக்குக் கை சும்மா இருக்குமா? மௌனத்தை மாதிரியாகக் காட்டி, இரைச்சலை நீக்கு என்றேன். சந்தனம் பூசி எடுத்தது போலக் குரல் பளிச்சென்று வந்தது. எனக்கு ஒரே பெருமை. மலர்க்கொடிக்கு அனுப்பி வைத்தேன், மண்டபத்தார் சொன்னதை அவரும் கேட்கட்டும் என்று.

அடுத்த அரைமணியில் போன். "அக்கா, இவர் எங்க உக்காந்து பேசறாரு?" ஸ்டோர் ரூம் என்றேன். "அப்ப தண்ணிச் சத்தம் எங்க?" மலர்க்கொடி முகூர்த்த நாட்களில் அந்த மண்டபத்தில் காய் நறுக்கப் போகிறவர். அந்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டதைத்தான் முதல் நாளே போனில் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அந்தச் சத்தத்தைத் தேடிப் போய், ஹெட்ஃபோனில் கேட்டு, பதிவும் செய்து, என் கையாலேயே துடைத்திருக்கிறேன். பதினோரு வருஷ அனுபவம் அந்த நிமிஷம் எனக்கு முன்னால் தலைகுனிந்து நின்றது. அது ஃப்ரீசர் சத்தம் என்று சொன்னார்களே என்று முணுமுணுத்தேன்.

"ஃப்ரீசரா? அந்த ரூம்ல ஒரு ப்ளக் பாயிண்ட்டே கிடையாதுக்கா."

முறை இல்லாத நாள்

நல்லவேளையாக ரெக்கார்டரில் மூலப்பதிவு அப்படியே இருந்தது. ஓடிப் போய்க் கேட்டேன். இந்த முறை தண்ணீராகவே கேட்டது. எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. ஆனால் ஒரு "சர்ர்"ரை வைத்துக்கொண்டு எந்த அதிகாரி முன்னால் நிற்க முடியும்? அவர்கள் ஃப்ரீசர் என்பார்கள், நான் தண்ணீர் என்பேன், சத்தத்துக்கு ஆதார் கார்டா இருக்கிறது?

வழி சொன்னது மலர்க்கொடிதான். கடைமடையில் ஆற்றுத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். ஒரு வாரம் இந்தப் பக்க வாய்க்கால்களுக்கு, அடுத்த வாரம் அந்தப் பக்கத்துக்கு. எந்த நாள் யார் முறை என்று மதகுப் பக்கத்தில் போர்டு எழுதி வைக்கிறார்கள். நான் பதிவு செய்தது முறை உள்ள நாள். முறை இல்லாத நாளில் அதே இடத்தில் பதிவு செய்தால்? அந்த வாரமே ஒரு முகூர்த்தம் வந்தது. என்னை உள்ளே விடமாட்டார்கள், மலர்க்கொடியை விடுவார்கள். மனிதர் பேச்சு ஒன்றுகூட விழக்கூடாது, இடத்தின் மௌனம் மட்டும் போதும் என்று சொல்லி ரெக்கார்டரைக் கொடுத்தேன். எல்லாரும் பந்திக்குப் பரிமாறப் போன சமயம், மூட்டை மேல் அதை வைத்துவிட்டு, கைகூப்பிக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் நின்றிருக்கிறார். கை எங்கே படுமோ என்ற பயத்தில் கூப்பிக்கொண்டாராம். பதிவைக் கேட்டேன். பந்தி இரைச்சலைக்கூட மூட்டைகள் குடித்திருந்தன, சத்தமே இல்லை. நான் எடுத்த எந்த மௌனமும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. கடைசியில் மட்டும், கரண்டியோடு உள்ளே வந்த தலைமைச் சமையல்காரரின் குரல் விழுந்திருந்தது. அதைப் பிற்பாடு அவரிடமே அனுமதி கேட்டு வைத்துக்கொண்டேன்.

"ஏம்மா மலரு, சாமியெல்லாம் முன்பக்கம் இருக்கு, நீ அரிசி மூட்டையக் கும்பிடறியே!"

ஃபேனை நிறுத்துங்க

மலர்க்கொடி கொடுத்திருந்த மனு மேல் வருவாய்த் துறை விசாரணை நடந்த அன்று நாற்றுக்கு வயது இருபத்தெட்டு நாள். அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெண்மணி. ஒரு பக்கம் மேனேஜர், அவர் வக்கீல். இன்னொரு பக்கம் மலர்க்கொடி, நான். பின் பெஞ்சில், பழைய தலையாரி என்று சம்மன் அனுப்பி வரவழைத்திருந்த கோவிந்தராசு, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஸ்பீக்கரை மேஜையில் வைத்து முதல் பதிவைப் போட்டேன். ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ஒரு நிமிஷம் அந்த அறையில் எல்லாரும் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம், மேஜை மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "ஃப்ரீசருங்க மேடம்" என்றார் மேனேஜர். இரண்டாவது பதிவைப் போட்டேன். சத்தம் இல்லை. இரண்டின் தேதியையும், முறை போர்டின் போட்டோவையும் மலர்க்கொடி மேஜையில் வைத்தார். அதிகாரி மாற்றி மாற்றிப் பார்த்தார். "உங்க ஃப்ரீசர் முறை வெச்சு ஓடுதா?" என்று மேனேஜரைக் கேட்டார். வக்கீல் எழுந்து, இயந்திரத்தில் என்ன வேண்டுமானாலும் பண்ணலாம், பார்த்த சாட்சி ஒருவராவது உண்டா என்றார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியும், சொல்லும் உரிமை இல்லை. பின் பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின் பெஞ்ச் கிரீச்சிட்டது. கோவிந்தராசு எழுந்தார். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்து, "மெஷின் ஓடுதாம்மா?" என்றார். அதிகாரியின் அனுமதியோடு ஓடுகிறது என்றேன். தலையாட்டினார்.

"ரெண்டடி சிமெண்ட் குழாய்ங்க. எறக்கி வெச்சப்ப நான் பக்கத்துல நின்னேன். எம் பொண்ணு கல்யாணத்தக் கோயில்ல வெச்சுக்கறேன், எழுதிக்கங்க."

கடைசிப் பதிவு

அதிகாரி நேரில் வந்து பார்த்தார். முழுத் தீர்வு இன்னும் வரவில்லை. மண்டபத்து முதலாளி கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், போகட்டும். மலர்க்கொடிக்கு இனி அந்த மண்டபத்தில் காய் நறுக்கும் வேலை கிடையாது. ஆனால் வழக்கு முடியும் வரை மண்டபத்தைத் தாண்டி வெளிவரும் குழாயின் வாயிலிருந்து தண்ணீரைப் பழைய பாதைக்குத் திருப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. தூர்ந்து கிடந்த தடத்தை ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து இரண்டு நாளில் வெட்டினார்கள். பெண் வைத்திருந்தவர்களும் வந்திருந்தார்கள், அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நாற்றின் முப்பத்தோராம் நாள் முறைத் தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகும், பிறகு கலங்கலாக, பிறகு தண்ணீராக. மூன்று மாவிலும் வெடிப்புகள் அதைக் குடித்துக்கொண்டே இருந்தன.

ஆவணத்தை இந்தச் சத்தத்தோடு முடிக்க வேண்டும் என்பது என் திட்டம். முட்டியளவு சேற்றில் நின்று மைக்கை நீட்டி, "ஒரே ஒரு நிமிஷம், யாரும் பேசாதீங்க" என்றேன். எல்லாரும் பழக்கப்படி துண்டை எடுத்தார்கள். மலர்க்கொடி மட்டும் நிறுத்தவில்லை. தண்ணீருக்கு முன்னால் நடந்துகொண்டே, வரப்பைக் காலால் மிதித்துக்கொண்டே, மச்சினரை, ஆபீஸை, என்னை, ஆற்றை, எல்லாரையும் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே போனார். மறுபடி கெஞ்சினேன். திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை வருஷமா இந்த ஊரே மௌனமா இருந்துச்சு, அது பத்தாதாக்கா உங்க மெஷினுக்கு? இன்னிக்கு நான் பேசுவேன், நீங்க புடிங்க!"

அந்தப் பதிவு முழுக்க மலர்க்கொடியின் குரலும் தண்ணீரும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து எதுவும் தெளிவாகக் கேட்காமல் கிடக்கிறது, ஆனால் இரைச்சல் நீக்கும் பொத்தான் பக்கம் என் விரலை இனி யாராவது கொண்டுபோய்ப் பார்க்கட்டும்.